ஸ்விடே: ஒரு கேப்டன் பிறந்த தெரு

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் அழகான கடற்கரை நகரம். 2021-ல் இதன் பெயர் கெபேஹா என்று மாறியது. கடற்கரை ஹோட்டல்களைத் தாண்டி உள்ளே போனால் ஸ்விடே வரும். நிறவெறி ஆட்சி, கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த குடியிருப்பு. நெருக்கியடித்து நிற்கும் சின்னச் சின்ன வீடுகள்.

1991-ல் சியா கொலிசி பிறந்தது இங்கேதான். வளர்த்தது பாட்டி. வயிறு நிறையாத நாள்கள் பல. 2007-ல் தென்னாப்பிரிக்கா ரக்பி உலகக் கோப்பையை வென்றபோது, வீட்டில் டி.வி இல்லாததால் மதுக்கடையில் நின்று பார்த்தான் அந்தப் பையன்.

12 வயதில் கிடைத்த பள்ளி உதவித்தொகைதான் அவன் பாதையை மாற்றியது.

ரக்பி அணியின் பச்சைச் சட்டையை ஒருகாலத்தில் கறுப்பின மக்கள் வெறுத்தார்கள். அது வெள்ளையர் ஆட்சியின் அடையாளம். 1995 இறுதிப் போட்டியில் மண்டேலா அதே சட்டையை, கேப்டனின் 6-ம் எண்ணோடு அணிந்து வந்தார். அந்த அணியில் வெள்ளையரல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே!

அந்த 6-ம் எண் பின்னாளில் கொலிசிக்கு வந்தது. 2018-ல் டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினக் கேப்டன் ஆனார். 2019-ல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். இறுதிப் போட்டி ஒன்றில் தென்னாப்பிரிக்காவின் முதல் 'ட்ரை'யை அன்று அடித்த மகசோலே மபிம்பியும் கிராமத்து ஏழைப் பிள்ளைதான். 2023-ல் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் ஒரே ஒரு புள்ளியில் வெற்றி. நான்காவது உலகக் கோப்பை!

ஆனால், ஸ்விடேயில் வறுமை இன்னும் போகவில்லை. கொலிசியின் அறக்கட்டளை இங்கே வேலை செய்கிறது. ஒரு பையனுக்கு உதவித்தொகை கிடைத்தது. மற்ற பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமே!