கார்லா ஏரியின் கதை

கிரேக்க நாடு என்றதும் நம் நினைவில் எழுவோர் சாக்ரட்டீசும் அலெக்சாந்தரும்தாம். அந்நாட்டு ஏரிகளை யார் நினைக்கிறோம்? பிரெஸ்பா ஏரியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. கெர்கினி ஏரிக்கரையில் நம் ஊர் போலவே எருமைகள் மேய்கின்றன. கஸ்தோரியா ஏரியிலோ, சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் மரக்கால்கள் நட்டு அவற்றின்மேல் வீடு கட்டி வாழ்ந்திருக்கின்றனர். எனினும், அன்பு நண்பர்களே, நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றியன்று. மனிதன் கொன்ற ஓர் ஏரியைப் பற்றி.

தெசலி சமவெளியில், லரிசா, வோலோஸ் என்னும் இரு நகரங்களுக்கு நடுவே இருந்தது கார்லா ஏரி. ஹோமரின் இலியத் காவியத்திலேயே வேறொரு பெயரில் இடம்பெற்ற பழம்பெரும் ஏரி அது. பினியோஸ் ஆறு பெருகினால் ஏரியும் பெருகும். மழை பொய்த்தால் சுருங்கும். ஆழம் குறைவு, மீன் மிகுதி. கரையோரத்துக் கனாலியா போன்ற ஊர்களின் மீனவர்கள் நீரின் மேலேயே நாணற் குடிசை கட்டித் தங்கி மீன் பிடித்தனர். அந்த நாணலும் ஏரி கொடுத்ததுதான்!

1962-இல், மலையைக் குடைந்து வெட்டிய சுரங்கக் கால்வாய் வழியே ஏரி நீர் முழுவதும் கடலுக்கு வடிக்கப்பட்டது. வெள்ளம் தணியும், மலேரியா ஒழியும், உழுவதற்கு நிலம் கிடைக்கும் என்பன அதற்குச் சொன்ன காரணங்கள்.

மீனவனுக்காக மட்டும் கண்ணீர் விட்டு எழுதுவது எளிது, கேட்கவும் இனிமையாயிருக்கும். ஆனால் என் தந்தையார் பிறர் நிலத்தில் ஏர் பிடிப்பவர். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றாலும், சொந்தமாக ஒரு காணி என்பது எங்கள் வீட்டில் இன்றும் கனவுதான். ஆகவே, நிலம் வேண்டும் என்று கேட்டவர்களைப் பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் ஏசிவிட என்னால் இயலவில்லை. கொசுக்கடியில் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த வீட்டார்க்கு ஏரியின் அழகு எம்மாத்திரம்?

நிலம் கிடைத்தது, நீர் போயிற்று. பருத்திக்குப் பாய்ச்ச ஆழ்கிணறுகள் தோண்டினர். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போக, தரையே பல இடங்களில் வெடித்தது. பிடிக்க மீனில்லாத மீனவர் சிலர் உழவராயினர். சிலர் ஊரைவிட்டே போயினர். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தைக் கொண்டு, பழைய ஏரியின் ஒரு பகுதியில் கரைகட்டி மீண்டும் நீர் நிரப்பினர். வடித்ததற்கும் செலவு, நிரப்புவதற்கும் செலவு! பறவைகளோ கணக்குக் கேட்காமல் திரும்பி வந்தன.

2023 செப்டம்பரில் டேனியல் என்னும் புயல் வந்தது. கிரேக்கத்தில் 17 உயிர்கள் போயின. கரைக்குள் அடங்காத வெள்ளம் தன் பழைய எல்லையைத் தேடிப் பருத்தி வயல்கள் மீது பரவியது. அறுபது ஆண்டுக்கு முன் துரத்திய ஏரி வந்து உட்கார்ந்துகொண்டது, மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை.

மறுபடியும் அதே சுரங்கக் கால்வாய்! நீரோடு மீன்களும் கடலுக்குப் போயின. 2024 ஆகஸ்டில் வோலோஸ் துறைமுகத்தில் 100 டன்னுக்கும் மேல் செத்த மீன் மிதந்தது. சவ்வூடு பரவல் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதுதான் இங்கே எமன். நன்னீர் மீன் உப்பு நீரில் விழுந்தால் அதன் உடலிலுள்ள நீர் வெளியேறிவிடும். தண்ணீருக்குள்ளேயே நாவறண்டு செத்திருக்கின்றன அவை. இழுவைப் படகுகள் வலை போட்டு அள்ளின. பிடித்த மீனை உண்பார் இல்லை.

இதையெல்லாம் என் தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "தண்ணிக்கு அடியில கெடக்குதே, அந்த நெலத்துக்குப் பட்டா யாரு பேருல இருக்கு?" என்று கேட்டார்.