வேதகிரியும் மல்லைக் கடற்கரையும்

மலையேறுதலையும் கடல் காண்டலையும் ஒரே பகலிற் பெற விழையும் சைவர்க்குத் தொண்டைநாட்டிலே திருக்கழுக்குன்ற வழியினும் ஏற்றதொன்றில்லை. படப்பையிலிருந்து வைகறையிற் புறப்படுவோர் ஒரகடம், சிங்கப்பெருமாள்கோயில், செங்கற்பட்டு என்னும் ஊர்களைக் கடந்து, வெயில் ஏறுமுன் மலையடியைச் சேரலாம். (படப்பை என்பது தோட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொல். இன்று ஒரகடம் வரையில் தொழிற்சாலைகளே கண்ணிற் படுகின்றன.) படப்பைக்கு அணித்தாகிய மணிமங்கலத்திலேதான் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிங்கவர்மன் சளுக்க வேந்தனாகிய புலிகேசியைப் புறங்கண்டனன். அப்பல்லவனுக்குரிய மாமல்லன் என்னும் பெயராலேயே மல்லைக்கு மாமல்லபுரம் என்னும் பெயர் வந்ததென்பர். ஆதலின் இவ்வூரார் மல்லைக்குச் செல்லுதல் உறவினர் வீட்டிற்குச் செல்லுதலையே ஒக்கும்.

அண்மையில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், சிவதீக்கை பெற்றவர், தம் மகன் குடும்பத்தாருடன் இவ்வழியே சென்றனர். ஐந்நூற்றின் மேற்பட்ட படிகளைப் பேரன் ஓடியேறினான். பெரியவர் மண்டபந்தோறும் இருந்திருந்து ஏறினார். நான்கு வேதங்களும் மலையாய் நிற்க, அதர்வணச் சிகரத்தின்மீது இறைவன் எழுந்தருளினான் என்பது தலவரலாறு. மூவர் தேவாரமும் மணிவாசகர் பதிகமும் பெற்ற பெருமை இத்தலத்திற்கு உண்டு. மேலிருந்து நோக்குவார்க்குப் பக்தவற்சலேசுரர் கோயிற் கோபுரங்களும் சங்கு தீர்த்தமும் தோன்றும். கடலிற் பிறக்கும் சங்கு பன்னிரண்டாண்டிற்கொருமுறை அந்நன்னீர்க் குளத்திற் பிறத்தலை அன்பர் இன்றும் திரண்டு காண்கின்றனர்.

நண்பகலில் வந்து அமுதுண்ட இரு கழுகுகளைப் பேரன் தேடினான். அவை 1998ஆம் ஆண்டிற்குப்பின் வருவதில்லை. கலியின் கொடுமை என்று கூறி அமைதல் எளிது. கால்நடைகளுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனை உண்ட கழுகினங்களின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவெங்கும் அவற்றை அழித்ததும், 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடுக்கப்பட்டதும் சைவர் அறியவேண்டிய செய்திகள். இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்திலே, 17ஆம் நூற்றாண்டில் வந்த ஒல்லாந்தர் தம் பெயரைக் கீறியிருக்கின்றனர். நம்மவர் அவ்வழக்கத்தை இன்னும் விட்டிலர்!

பிற்பகலில் மல்லையை அடைந்தனர். இராசசிங்கன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கடற்கரைக் கோயிலில், கிழக்கு நோக்கிய கருவறையிலே பதினாறு பட்டைகளோடு கூடிய கருங்கல் இலிங்கம் உள்ளது. அதன் தலைப்பாகம் சிதைந்துள்ளது. பின்சுவரிற் சோமாஸ்கந்தர் திருவுருவம் விளங்குகின்றது. விளக்கில்லை, பூவில்லை, பூசையும் இல்லை. "தாத்தா, இந்தச் சாமிக்கு யாருமில்லையா?" என்று பேரன் வினவினான்.

பெரியவர் உடனே விடையிறுத்திலர். சிதைந்த திருமேனிக்குப் பூசை ஆகாதென்னும் ஆகம விதியை அவர் அறிவார். கைகூப்பாது நிற்றற்கும் மனம் ஒருப்படவில்லை. பாலில் நெய்போல எங்குமுள்ள இறைவன், திருக்கோயிலிலும் அடியார் வேடத்திலும் தயிரில் நெய்போல விளங்குவான் என்பது சித்தாந்தம். பூசை ஒழிந்த கோயிலில் அத்தயிர் மீண்டும் பாலாய்விடுமோ? விதி விலக்குவது கிரியையை. நெஞ்சின் வணக்கத்தை அது விலக்கவில்லை எனக் கொள்ளுதலே பொருந்தும்.

பெரியவர் பேரனுக்குப் பூசலார் நாயனார் கதையைச் சொன்னார். பொருளின்மையால் திருநின்றவூரில் மனத்தினாலேயே கோயிலெடுத்தவர் அவர். அவர் குறித்த நன்னாளிலேயே காஞ்சிக் கற்றளிக்குக் குடமுழுக்கு நிகழ்த்த எண்ணிய பல்லவனது கனவில் இறைவன் தோன்றி, அந்நாளை மாற்றுமாறு பணித்தருளினான். அப்பல்லவன் இராசசிங்கனே என்பர் ஆராய்ச்சியாளர். இதனைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் படப்பைக்குத் தொலைவன்று.

"அப்படியானால் இவர் கோயிலை எடுத்தவரும் அந்த அரசர்தானா, தாத்தா?" என்றான் பேரன். "ஆம் அப்பா" என்று கூறி, வாயிலின் புறத்தே நின்றபடி பெரியவர் கைகளைக் கூப்பினார். பேரனும் கூப்பினான். ஆறு மணிக்கு வாயிலைச் சாத்துவர் எனக் காவலர் அறிவிக்க, அனைவரும் மணலில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தனர்.