கழுத்தெலும்பில் நிறம் பார்ப்பது

திங்கள்

சாலிகிராமத்தில் ஒரு சீரியல் படப்பிடிப்பு வீடு. மேக்கப் அண்ணன் என்னைப் பிரஷ்ஷைத் தொடவிடவில்லை. "நோட்டு வெச்சுக்கோம்மா. எந்த சீன்ல பொட்டு எங்க இருந்துச்சு, கண்மை எவ்வளவு கலைஞ்சிருந்துச்சு, எல்லாம் எழுது." கன்டினியூட்டிதான். காலையில் பாதி எடுத்த அழுகைக் காட்சியின் மீதியை மாலையில் எடுத்தார்கள். மூக்கு நுனியின் சிவப்பு காலையில் இருந்த அளவுக்கே இருக்க வேண்டுமாம். போனில் படம் எடுத்துக்கொள்கிறேனே என்றேன். "எடு. ஆனா நிறத்துக்கு அதை நம்பாதே. போன் அதுவாவே வெளுப்பாக்கிடும்."

செவ்வாய்

இன்றும் வேடிக்கைதான். அண்ணன் ஃபவுண்டேஷனை ஒருபோதும் தேய்ப்பதில்லை. ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுக்கிறார். டெக்னிகலர் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் 1930களில் கொண்டுவந்த பேன்கேக்கை ஈர ஸ்பாஞ்சால்தான் போடுவார்கள். அதில் பழகிய குருவிடம் கற்ற கை இது. மேக்கப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் பத்துப் பதினைந்து வகை பிரஷ் வாங்கவைத்தார்கள். இவர் பெட்டியில் நாலைந்துதான்.

புதன்

தலைவலி. போகவில்லை.

வியாழன்

கல்யாண மேக்கப் போடும் அக்காவுடன் போனேன். முகூர்த்தம் ஆறு மணிக்கு. இரண்டரைக்கே மண்டபத்தில் இருந்தோம். அக்கா முதலில் செய்தது, அறையின் மஞ்சள் விளக்குகளை அணைத்துவிட்டுத் தன் வெள்ளை விளக்கை மாட்டியது. மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தால் வெளியே போனதும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஃபவுண்டேஷனை மணப்பெண்ணின் கழுத்தெலும்பருகே கோடு இழுத்து, தோலோடு கரைந்துபோனதை எடுத்துக்கொண்டார்.

பெண்ணின் அத்தை வந்து நின்றார். "ரெண்டு ஷேடு ஏத்திப் போடும்மா." அக்கா கோபப்படவில்லை. "போடலாம்மா. மாலை மாத்தறப்ப கை ஒரு கலர்ல இருக்கும், மூஞ்சி ஒரு கலர்ல இருக்கும். ஆல்பத்துல அப்படியே நிக்கும், பரவாயில்லையா?" அத்தை போய்விட்டார். கருப்பும் அழகுதான் என்று நானாக இருந்தால் வாதாடியிருப்பேன். அந்த வாதம் அந்த நேரத்தில் எடுபட்டிருக்காது. ஆனாலும் ஒன்று எழுதிவைக்க வேண்டும்: இந்தத் தொழிலில் பாதிப் பேர் மாநிறத்தைத் திருத்த வேண்டிய குறையாகத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பயிற்சி வகுப்பும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

கண்ணுக்குக் கீழே கருமைக்கு ஆரஞ்சு கரெக்டர். நம் தோலில் அந்தக் கருமை நீலம் கலந்து தெரியும்; ஆரஞ்சு அதை அடக்கும். அதை விட்டுவிட்டு வெளிர் கன்சீலரை நேரே பூசினால் சாம்பல் பூத்துவிடும். கடைசியில் பவுடர், கொஞ்சமே கொஞ்சம். சிலிக்கா பவுடரை அள்ளிப் போட்டால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். நேரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓமப் புகையில் கண் எரியும், தாலி ஏறும்போது அழுகை வரும், அதனால் மஸ்காரா நீரில் கரையாதது. கூறைப்புடவை மாற்றப் பெண் உள்ளே வந்த சற்று நேரத்தில் தலையலங்காரம், பொட்டு, உதடு எல்லாவற்றையும் அக்கா சரிசெய்த வேகத்தைப் பார்த்து நான் பின்னைக்கூட எடுத்துக்கொடுக்காமல் நின்றுவிட்டேன்.

வெள்ளி

நேற்று கல்யாணத்திலிருந்து திரும்பும் வழியில், சினிமாவுக்கு ஏன் போகவில்லை என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். "அப்பல்லாம் பொம்பளைன்னா தலைக்கு மட்டும்தான். மூஞ்சியைத் தொடறது ஆம்பளை வேலை." இன்று தேடிப் படித்தேன். மும்பைச் சங்கம் ஒன்றின் விதியே அப்படித்தான் இருந்திருக்கிறது: பெண்களுக்கு ஹேர்டிரஸ்ஸர் அட்டை கிடைக்கும், மேக்கப் அட்டை கிடையாது. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். அண்ணனிடம் சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பாஞ்சைக் கழுவப் போனார். அவருக்கு இதில் என்ன கருத்து என்று பிடிபடவில்லை.

சனி

நாளை ஒரு போலீஸ்காரர் வேடத்துக்கு மீசை ஒட்ட நான் உதவ வேண்டும். அண்ணன் பாடம் எடுத்தார். ஸ்பிரிட் கம்மைத் தடவியதும் ஒட்டக் கூடாது. பிசுபிசுப்பு ஏறும்வரை பொறுக்க வேண்டும். கழற்றும்போது ரிமூவரால் நனைத்து நனைத்து எடுக்க வேண்டும், இழுத்தால் தோலோடு வரும். நடிகர் புதியவர். அவர் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுக் கம் வைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணன். வைத்துவிட்டு வந்தேன், அரிப்பு இருந்தால் இரவே சொல்லுங்கள் என்று என் நம்பரையும் கொடுத்தேன். இதுவரை போன் வரவில்லை.