காகிதக் கப்பலில் வந்த ஆங்கிலம்

திருவனந்தபுரத்தில் மழையும் பள்ளிக்கூடமும் ஒரே கதவைத் திறந்துகொண்டு வருகின்றன. ஜூன் முதல் நாளையொட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுவது வழக்கம். இடவப்பாதி என்று இங்குள்ளோர் அதனை அழைப்பர். பள்ளிகளும் அந்நாளையொட்டியே திறக்கின்றன. 1981ஆம் ஆண்டு அலுவல் மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து கரமனைக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு, ஒரு கையில் குடையும் மறு கையில் ஐந்து வயது மகனுமாக அம்மழையில் நடந்ததே இவ்வூரைப் பற்றிய முதல் நினைவு.

மகன் அறிந்த மொழி தமிழ் ஒன்றே. தெருவில் கேட்ட மலையாளம் அவனுக்கு அயலாக இருக்கவில்லை. குடிக்க ‘வெள்ளம்’ வேண்டுமா என்று அண்டை வீட்டு அம்மையார் அன்போடு கேட்டபோது, ஆறு பெருகி ஊருக்குள் வந்துவிட்டதென்று அஞ்சி ஓடிவந்தான் என்பது உண்மையே. ஆனால் ஒரு திங்களுக்குள் அவனே வெள்ளம் கேட்டு வாங்கிக் குடித்தான். ஆங்கிலந்தான் அவன் முன் சுவராக நின்றது. இரண்டு திங்கள் வகுப்பில் அவன் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அவன் பையில் ஒரு சீட்டு வந்தது: வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், தமிழை நிறுத்துங்கள் என்று.

நாங்கள் நிறுத்தினோம். இன்றும் சொல்ல நாணும் செய்தி அது. எங்கள் ஆங்கிலமோ கோப்புகளில் குறிப்பெழுதும் ஆங்கிலம். சோறு பிசைந்து ஊட்டும் ஆங்கிலம் அன்று. “ஈட்”, “கம்”, “ஸ்லீப்” என்ற மூன்று சொற்களோடு வீடு ஓய்ந்துவிட்டது. எங்களுடன் இருந்த ஆச்சிக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. பேரன் தன்னோடு பேசக்கூடாதென்று சொல்லப்பட்டிருப்பதை அறிந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை; தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். பள்ளியில் மட்டும் ஊமையாயிருந்த பிள்ளை வீட்டிலும் ஊமையானான்.

ஆகஸ்டு மாதத்து விடுமுறை நாளொன்றில் மழை விடாது பெய்தது. ஆச்சி பழைய நாள்காட்டித் தாளொன்றைக் கிழித்துத் திண்ணையில் வைத்து மடிக்கத் தொடங்கினாள். மடி, அமுக்கு, திருப்பு, இழு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாதாரணக் கப்பல் அன்று. அடியில் கூர்முனை நீண்ட கத்திக் கப்பல். மகன் நெடுநேரம் தூணருகே நின்றான். பின்பு தடையெல்லாம் மறந்து அவள் மடியருகே உட்கார்ந்தான். முற்றத்து நீரில் கப்பல் சற்றே ஓடி ஒருபக்கம் சாய்ந்தது.

“ஆச்சி, கப்பல் முங்குது!”

சன்னலருகே நின்ற எங்கள் வாயிலிருந்து, சீட்டுக்குப் பயந்த பழக்கத்தால், “சிங்க்” என்ற சொல் விழுந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அடுத்த கப்பல் முங்கியபோது, “சிங்க்! சிங்க்!” என்று தானே கூவினான். மூன்றாவது மிதந்தது. அதற்கு என்ன சொல் என்று அவனே கேட்டான். “ஃப்ளோட்” என்றோம். தானாகக் கேட்டு அவன் பெற்ற முதல் ஆங்கிலச் சொல் அது. கேட்டதோ தமிழில்.

கைத்தொழில் வழியே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது புதிதன்று. குழந்தைத் தோட்டம் என்னும் கல்விமுறையைச் செர்மனியில் 1837ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிரோபெல், தாள் மடித்தலையும் பாடமாக வைத்தார். அதில் ஊக்கம் பெற்றுச் சுந்தரராவ் என்பார், தாள் மடிப்பின் வழியே வடிவக் கணிதம் கற்பிக்கும் நூலொன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். செர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் சுட்டினார். சென்னையில் அச்சான காகித மடிப்பு அவ்வளவு தொலைவு போயிருக்க, அதே மடிப்பை ஆச்சியின் கையில் பார்த்தும் அது பாடமென்று எங்களுக்குத் தோன்றாதிருந்ததே! கட்டளையைக் கேட்டு உடலால் செய்வதன் மூலம் அயல்மொழி பதியும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் ஒரு முறையாகவே வகுத்தார் என்பதும், தாய்மொழியில் வளரும் அறிவு இரண்டாம் மொழிக்குத் துணை நிற்கிறது என்று கனடாவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் 1979இல் எழுதினார் என்பதும் பல்லாண்டுகள் கழித்தே நாங்கள் படித்தறிந்தவை. அன்று அச்சீட்டுக்கு மறுமொழி எழுதும் துணிவு எங்களுக்கு இல்லை. கிழித்துக் கப்பல் செய்தோம்.

அதன்பின் பருவந்தோறும் ஒரு வேலை கிடைத்தது. ஆவணியில் ஓணம். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் முற்றத்தில் பூக்களம். தும்பையும் செம்பருத்தியும் வேலியோரத்தில் கிடைத்தன. செவ்வந்தியும் வாடாமல்லியும் தோவாளைச் சந்தையிலிருந்து வந்தன. குமரி மாவட்டத்துப் பூ கேரளத்து முற்றத்தில் விரிய, அதன்மேல் ஆங்கில நிறப்பெயர்களை நாங்கள் பரப்பினோம். வட்டத்துக்குள் வட்டம் வரைந்து, எந்த நிறம் உள்ளே, எது வெளியே என்று அவன் சொன்னபின்பே பூவிடுவோம்.

புரட்டாசியில் இன்னும் வளமான பாடம். பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், குமாரகோயில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் வருவதைக் கரமனையில் நின்று பார்த்துவிட்டு வீட்டில் கொலுப்படி கட்டுவோம். ஆங்கிலத்தில் பிள்ளைகளை மிகவும் வாட்டுபவை ‘ஆன்’, ‘அண்டர்’, ‘பிட்வீன்’ போன்ற சிறு சொற்களே. தமிழில் மேல், கீழ், இடையில் என்று பெயருக்குப் பின் நிற்பவை அங்கே முன்னால் வந்து நிற்கின்றன. செட்டியார் பொம்மையை யானைக்கும் குதிரைக்கும் இடையில் வை என்று ஆங்கிலத்தில் சொல்லி வைக்கச் செய்தால், ஒன்பது நாளில் அக்குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. படிக்குக் கீழே மணல் பரப்பிக் கேழ்வரகு விதைத்துப் பூங்கா அமைப்போம். முளை தலைகாட்டிய காலையில் “குரோ” என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

எல்லாம் கைகூடிற்று என்று எண்ணிவிட வேண்டாம். மார்கழியில் இவ்வூர்ப் பல வீடுகளின் முன்னும் தொங்கும் காகித நட்சத்திரத்தைச் செய்ய முயன்றோம். ஈர்க்குச்சியும் மைதாப் பசையுமாக மூன்று மாலை உழைத்தோம். கடைசியில் நாங்களே முழுதும் செய்து முடித்தோம். பிள்ளை கைகட்டிப் பார்த்திருந்தான். நட்சத்திரம் அழகாயிருந்தது; சொல் ஒன்றும் ஏறவில்லை. பள்ளியிலோ பனிக்காலத்துப் படத்தில் பஞ்சு ஒட்டச் சொன்னார்கள். மரத்தில் இலவம் வெடித்திருக்கிறதென்றே அவன் நம்பினான். தான் தொட்டறியாத பனிக்குச் சொல் கற்பதைவிடத் தன் சட்டையை நனைத்த மழைக்குச் சொல் கற்பது எளிதன்றோ?

செய்முறையில் நாங்கள் கண்டது ஒன்றுண்டு. முதலில் ஆச்சி தமிழில் சொல்லிச் செய்து காட்டுவாள். அடுத்து நாங்கள் ஆங்கிலத்தில் சொல்ல அவன் செய்வான். மூன்றாவதாக அவன் ஆசிரியனாகி ஆணையிட நாங்கள் செய்வோம். இம்மூன்றாம் படியே உயிர்நிலை. “டர்ன்” என்பதற்குப் பதில் அவன் “ஃபோல்ட்” என்றால் திருத்தாமல் அப்படியே மடித்துவிடுவோம். கப்பல் தொப்பியாகிவிடும். அவன் விழுந்து விழுந்து சிரித்து, சரியான சொல்லைத் தானே தேடுவான்.

எழுத்துக் கூட்டலுக்கும் இலக்கணத்துக்கும் இது போதவில்லை. அவற்றுக்குச் சிலேட்டும் பொறுமையும் தனியே வேண்டியிருந்தன. ஆயினும் அவ்வாண்டுப் பங்குனிக்குள் அவன் வகுப்பில் பேசிவிட்டான். அடிமுனை நீண்ட கப்பலைக் காட்டி அதற்கு “நைஃப் ஷிப்” என்று பெயர் சொன்னானாம். அப்படியொரு சொல் இல்லை என்று ஆசிரியை சிரிக்க, “எங்கள் ஆச்சியிடம் இருக்கிறது” என்று ஆங்கிலத்திலேயே மறுமொழி கூறினானாம்.

ஆச்சி மேலும் பதினோராண்டுகள் எங்களோடு இருந்தாள். இருபது ஆங்கிலச் சொற்கள் அவளிடம் சேர்ந்திருந்தன. அத்தனையும் ஏவற் சொற்கள். கோடை விடுமுறையில் தென்னோலைக் காற்றாடி செய்யத் திண்ணையில் கூடும் தெருப்பிள்ளைகளை, மலையாளிப் பிள்ளையா தமிழ்ப் பிள்ளையா என்று பாராமல் அவற்றாலேயே அதட்டுவாள்: “ஏ பிள்ளா, அதைக் கட் பண்ணாதே, ஃபோல்ட் பண்ணு, ஃபோல்ட்!”