ஒற்றைத் தசையின் உத்தியோகம்

வெண்ணெய்க்குப் பெயர் போன ஊத்துக்குளியில், தின்ற வெண்ணெயைக் கரைப்பதற்கென்று ஜிம்மும் வந்து சேர்ந்தது நியாயமே எனினும், அங்குள்ள ‘லெக் எக்ஸ்டென்ஷன்’ என்னும் ஆசனம் மாத்திரம், தண்டாலையும் பஸ்கியையும் கர்லாக்கட்டையையும் பார்த்து வளர்ந்த எனக்கு இன்னும் விசித்திரமாகவே இருக்கிறது. பஸ்கி போடுகிறவனுக்குத் தொடை, இடுப்பு, முதுகு, மூச்சு ஆகிய சகல பரிவாரமும் கூடி உழைத்தால்தான் எழுந்திருக்க முடியும். இதிலோ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே மெத்தையுருளையைத் தாங்கி, முழங்காலை நிமிர்த்தினாலே இரும்புத் தட்டுகள் மேலெழுகின்றன. கால் நேராகும் கடைசித் தருணத்தில், முழங்காலுக்கு மேலே உட்புறமாக ஒரு தசை மாங்கொட்டை போல் திரண்டு துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். உடம்பின் ஏனைய அங்கங்கள் விடுமுறையில் இருக்கின்றன.

இந்த விபரீத யோசனையின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. ஸ்வீடன் தேசத்து வைத்தியரான குஸ்தாவ் ஸாண்டர் 1865-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு தேகாப்பியாச சாலை திறந்து, கைக்கென்றும் காலுக்கென்றும் தனித்தனி யந்திரங்களை அமைத்துவிட்டார். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவர் அவரல்லர். பால்யத்தில் வாதஜுரத்தால் படுக்கையில் கிடந்து, பின்பு எடை தூக்கியே தேகபலம் தேடிக்கொண்ட அமெரிக்க ராணுவ வைத்தியர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலக யுத்தத்தில் முழங்கால் சிதைந்து, மாவுக்கட்டுக்குள் தொடை சூம்பிப்போன சிப்பாய்களுக்கு, இலேசான அப்பியாசத்தோடு நிறுத்திக்கொள்வதே அக்கால வைத்திய சம்பிரதாயமாயிருக்க, அவர்களுடைய பாதத்தில் இரும்புச் செருப்பை மாட்டி, கனத்தை நாளடைவில் கூட்டிக்கொண்டே போய், 1945-இல் அதன் பலனைப் பிரசுரமும் செய்த துணிச்சல் அவருடையது. ஆதியில் எழுபது, நூறு தடவை என்று தூக்க வைத்தவர், 1948-இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, பத்துப் பத்தாக மூன்று சுற்றே போதுமென்று குறைத்தார். ‘டென் டென்னா மூணு செட்’ என்று நம் ஊர் மாஸ்டர் ஓதும் மந்திரத்துக்கு ரிஷி இவர்தாம்!

நோயாளிக்கு ஏற்பட்ட பிரயோகம் திடகாத்திரனுக்கு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நான், பக்கத்துப் பனியன் கம்பெனியை நினைத்ததும் சற்று அடங்கினேன். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயனிங் என்று ஒரு சட்டையைப் பல கைகளுக்குப் பங்கிட்டு, ஒருவருக்கு ஒரு தையல் என்று விதித்துவிட்ட வட்டாரத்துக்கு, தசைக்கொரு யந்திரம் என்பது அந்நியமான சித்தாந்தமா என்ன?

ஷிப்டு முடிந்து வரும் ஓவர்லாக் டெய்லர் ஒருவரிடம், “பகலெல்லாம் உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள், இங்கும் ஏன் உட்காருகிற மிஷினையே தேடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “ஏனுங்க, அங்க பெடலை மிதிக்கிற வலது காலுக்கு மட்டுந்தானுங்க வேலை, இங்க ரெண்டுக்கும் கிடைக்குதுங்களே!” என்றார். எதிர்வாதம் தோன்றாமல், ஆசனத்தை அவருக்கு ஒழித்துக் கொடுத்தேன்.