ரயில் பார்க்காத பிள்ளைகள்

ஊருக்குப் போனால் என் பெட்டியில் முதலில் தேடப்படுவது மாசிதான். சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, விறகுக் கட்டைபோல் ஆகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். மாலத்தீவில் மீனுக்கே ‘மஸ்’ என்றுதான் பெயர். “அக்கா வந்துட்டாளா, மாசி வந்துட்டா?” என்று தம்பி வாசலிலேயே கேட்டான். இந்த முறை அவனும் சென்னையிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு தூத்துக்குடிக்கு வந்திருந்தான். சித்தி, மாமா, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பதினான்கு பேர். அம்மா மாசியை இடித்து, தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைத்தாள். ஒரு வருடப் பேச்சு பாக்கி இருந்தும் அன்று பாதி நேரம் சம்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அது வசதியாகவே இருந்தது. அடுத்த கேள்வி “இன்னும் எத்தனை வருசம்ட்டி?” என்பதாகத்தான் இருக்கும்.

மாலத்தீவின் ஒரு தீவுக்குக் கணக்கு டீச்சராகப் போய் நான்கு வருடம் ஆகிறது. ஊரில் விட்டுவந்த மகளுக்கு இப்போது பத்து வயது. ஊருக்குப் போன மூன்றாம் நாள் அவளுடைய நோட்டை எடுத்துவைத்துப் பின்னக் கூட்டல் சொல்லித்தர உட்கார்ந்தேன். கீழே உள்ள எண்களுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடி என்றேன். அவள் குறுக்கே பெருக்கி விடையை எழுதிவிட்டாள். விடை சரி. வழி எனக்குப் பிடிக்கவில்லை. “இப்படிப் போட்டா நாளைக்குப் பெரிய எண் வந்தா திண்டாடுவே” என்றேன், கொஞ்சம் சத்தமாக. “எங்க சார் இப்படித்தான் போடச் சொல்வார்” என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “சார் மெதுவாத்தான் சொல்லித் தருவார்.”

ஊரான் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேருக்கு ஒரே கணக்கை நான்கு தடவை பொறுமையாகப் போட்டுக் காட்டுகிறவள் நான். அந்த நோட்டை மூடிவிட்டேன். விடுமுறை முடியும்வரை இருவருமே அதைத் திறக்கவில்லை.

தம்பி குடும்பம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பியது. வழியனுப்பப் போனபோது மகள் என் போனை வாங்கிக்கொண்டு நடைமேடையின் கடைசிவரை ஓடினாள். ரயில் நகர்ந்ததும் படம் பிடித்தபடியே பெட்டிகளை உரக்க எண்ணினாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து நானும் கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. இறங்கியதும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். முதல் வருடம் தள்ளினேன். இப்போது தள்ளுவதில்லை, மனக்கணக்காகவே கழித்துக்கொள்கிறேன். அங்கிருந்து என் தீவு இருக்கும் பவளத் தீவுக்கூட்டமான பா அட்டோலுக்கு ஸ்பீட் லாஞ்சில் மூன்று மணி நேரம், கடல் மனசு வைத்தால். ‘பா’ என்றால் நம் பாட்டு இல்லை. மாலத்தீவு மொழியான திவேஹியின் தானா எழுத்துகளில் ஐந்தாவது எழுத்து. அந்த வரிசையில் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்களிலிருந்து உருவானவை. ஆகவே கணக்கு டீச்சர் குடியிருக்கும் அட்டோலின் எழுத்து, பிறப்பால் ஓர் ஐந்து. இது தெரிந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பங்குபோட்டுக்கொள்ளவில்லை.

அறைப் பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டார். கடைக்குப் போய் வெங்காயம் வாங்கினேன். தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் மாலேவுக்கு வருவது உண்டு. இங்கே படகுக்குப் பெயரும் ‘தோனி’தான். என் ஊர் வெங்காயம் என்னைவிட அடிக்கடி இந்தக் கடலைத் தாண்டுகிறது, எந்த விடுமுறைக் கடிதமும் எழுதாமல்.

இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஊரில் எல்லோரும் கறி எடுத்துச் சமைக்கும் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வாரத்தின் முதல் வேலைநாள். திரும்பிய வாரத்தின் ஞாயிறு, முதல் பாடவேளையிலேயே ரயில் வந்து நின்றது. இன்ன நீளமுள்ள ரயில் இன்ன நீளமுள்ள நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்கிற பழைய கணக்கு. இந்த நாட்டில் ரயிலே கிடையாது. மற்ற ரயில் கணக்குகளை லாஞ்சுக் கணக்காக மாற்றிச் சமாளித்துவிடுவேன். இதை மட்டும் முடியாது. நடைமேடை நீளத்தோடு ரயிலின் நீளத்தையும் எதற்குக் கூட்ட வேண்டும் என்று வருடாவருடம் கேட்பார்கள். கரையிலிருந்து கரைக்குப் போகும் லாஞ்சுக்கு யார் நீளம் பார்த்தார்கள்? அவர்கள் கேட்பது நியாயம்தான்.

போனைப் புரொஜெக்டரில் இணைத்து மகள் எடுத்த படத்தை ஓடவிட்டேன். எஞ்சின் நடைமேடையைத் தாண்டிப் போய்விட்டது, பெட்டிகள் இன்னும் வந்துகொண்டே இருந்தன. “மிஸ், முடியவே மாட்டேங்குதே!” என்று முன்வரிசைப் பெண் எழுந்துவிட்டாள். கடைசிப் பெட்டியும் தாண்டியபோதுதான் ரயில் ‘கடந்தது’ என்றேன். நான்கு வருடமாகக் கரும்பலகையில் போட்ட கோடுகளால் ஆகாதது அன்று ஆனது.

பிறகுதான் சண்டை. படத்தில் எண்ணுவது யார் என்றார்கள், சொன்னேன். அவள் எத்தனை என்றாள் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். மறுபடி ஓடவிடச் சொல்லித் தாங்களே எண்ணினார்கள். ஒன்று கூடுதலாக வந்தது. “உங்க மகள் தப்பா எண்ணிட்டா மிஸ்.”

சாயங்காலம் என் ஏழு மணிக்கு, அவளுடைய ஏழரைக்கு, கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“யம்மா, அவங்க எஞ்சினையும் சேத்து எண்ணிருப்பாங்க. எஞ்சின் பெட்டி இல்லன்னு சொல்லு.”

“நீளத்துக்கு எஞ்சினும் சேரும்ட்டி.”

“நான் நீளமா எண்ணினேன்? பெட்டியத்தானே எண்ணினேன். நாளைக்கு அவங்ககிட்ட கேட்டுட்டு வா.”