ஓட்டைக் கத்தரிக்காயை யார் வாங்குவது?

'உழவர் சந்தையில்தான் காய் வாங்குகிறேன். மருந்து அடித்த காய் எது, அடிக்காத காய் எது என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? ஓட்டை இருக்கும் கத்தரிக்காய்தான் நல்லது என்கிறார்களே, உண்மையா?' என்று ஒரு வாசகி இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பியிருந்தார். பதில் எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

'பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், இதே ஓட்டைக் கத்தரிக்காயை வைத்து ஒரு விவசாயி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைச் சொல்லிவிட்டு வாசகியின் கேள்விக்கு வருகிறேன்.

விலைப்பலகை எழுதிய காலம்

நான் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவன். வேளாண்மை அலுவலராகச் சில வட்டாரங்களில் சுற்றிய பிறகு, உழவர் சந்தை ஒன்றின் நிர்வாகத்தில் என்னைப் போட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. நான் வேலை பார்த்தது அதே மாவட்டத்தில் இருந்த வேறொரு சந்தை.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மொத்த மார்க்கெட்டில் அன்றைய விலையை விசாரித்து, அதைவிடச் சுமார் 20 சதவிகிதம் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவாகவும் வருகிற மாதிரி விலை வைக்க வேண்டும். பலகையில் எழுத வேண்டும். தராசு கொடுக்க வேண்டும். அடையாள அட்டை வைத்திருப்பவர் உண்மையிலேயே விவசாயிதானா, அட்டையில் உள்ள பயிர் அவர் தோட்டத்தில் நிற்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இடைத்தரகரும் கமிஷனும் இல்லை. விளைவித்தவரே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இதுதான் சந்தையின் ஏற்பாடு.

சித்திரை, வைகாசியில் அந்தச் சந்தையைப் பார்க்க வேண்டும். வெள்ளரிப்பிஞ்சு, சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளைப்பூசணி, முருங்கைக்காய், கிளிமூக்கு மாங்காய், கத்தரி, வெண்டை என்று தரை நிறைந்திருக்கும். காலை 6 மணிக்குத் தளதளவென்று இருக்கும் தண்டுக்கீரை, 9 மணிக்குத் தலை தொங்கிவிடும். ஈரச்சாக்கு போட்டு மூடினாலும், தண்ணீர் தெளித்தாலும் வெயில் விடாது. 10 மணிக்கு மேல் பலகை விலைக்கு அர்த்தமே இல்லை. கூடையில் மிச்சம் இருப்பதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் ஏறப் பார்ப்பார்கள்.

அந்த அக்கா கேட்டது

அரை ஏக்கரில் கத்தரி போட்டிருந்த ஓர் அக்கா அங்கே வருவார். கணவர் இல்லை. கிணற்றில் கோடையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் இறைத்தால் பெரிது. அட்டைச் சரிபார்ப்புக்கு அவர் தோட்டத்துக்குப் போனபோதுதான், தண்டுத்துளைப்பான், காய்த்துளைப்பானுக்கு வாரம் ஒரு மருந்து அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கத்தரி போட்டவர்களுக்கு இந்தப் புழுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் குருத்தைத் துளைக்கும், நுனி வாடித் தொங்கும். காய் பிடித்தவுடன் காய்க்குள் போய்விடும். உள்ளே போன புழு மீது மருந்து படாது. வெயில் காலத்தில் அதன் வாழ்க்கைச் சுற்றும் சீக்கிரம் முடிவதால், அடுத்த தலைமுறை வேகமாக வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. கத்தரியை மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். மருந்து டப்பாவில், அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று போட்டிருப்பார்கள். அந்தக் காத்திருப்பு நாள் பறிப்பு இடைவெளியைவிட அதிகமாக இருந்தால், ஒரு பறிப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டால் காய் முற்றி விதை கட்டிவிடும். அன்றாடச் செலவுக்குச் சந்தையை நம்பி இருப்பவர் எப்படி விடுவார்?

படித்ததையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கணும், வாடிய குருத்தை விரற்கடை அளவு கீழே சேர்த்துக் கிள்ளி அழிக்கணும், புழு விழுந்த காயை வரப்பில் போடக் கூடாது, 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கணும், கத்தரிக்குப் பின்னால் கத்தரியே போடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். அக்காவும் அந்தக் கோடையில் ஒன்று விடாமல் செய்தார். தினமும் காலையில் அவரும் மகளும் வரிசை வரிசையாகக் குருத்து கிள்ளினார்கள்.

சேதாரம் குறைந்தது. ஆனால், முழுவதும் நிற்கவில்லை. பத்துக் காய்க்கு இரண்டு காயில் ஓட்டை இருந்தது. தோலில் தழும்பும் இருந்தது. சந்தைக்கு வந்தவர்கள் அவர் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனார்கள். அங்கே காய் கண்ணாடி மாதிரி மின்னியது.

ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்குக் காய் வாங்கினேன். கையில் பை, மனதில் வீட்டு நினைப்பு. மின்னுகிற கடையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, அந்த அக்கா கடை வழியாகவே நடந்து போனேன். அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக்குப் போனபோது, வரப்பிலேயே மருந்து நாற்றம் அடித்தது. கைத்தெளிப்பான் கிணற்றடியில் கவிழ்த்துக் கிடந்தது. "என்னக்கா இது, நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் சார். காய் விக்கலை. பாதியை மாட்டுக்குப் போட்டேன்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "நீங்களே எங்கிட்ட வாங்கலையே சார்" என்றார்.

மருந்து அடிக்காதே என்று சொன்ன அதிகாரி நான். மருந்து அடித்த காயைத் தேடி வாங்கிய வாடிக்கையாளரும் நான். அடுத்த கடைக்காரர் என்ன அடித்தார், எப்போது அடித்தார் என்று நான் கேட்கக்கூட இல்லை. பளபளப்பை மட்டும் பார்த்தேன். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அலுவலகம் வரை ஒரு வார்த்தை பேச வரவில்லை.

இரண்டு கூடை

அடுத்த வாரம் அக்காவிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். காயை இரண்டாகப் பிரித்து வையுங்கள். நல்ல காய் பலகை விலை. ஓட்டைக் காய் பாதி விலை. பலகை விலையைவிடக் கூட்டி விற்கத்தான் கூடாது, குறைத்து விற்கத் தடை இல்லை. ஓட்டைக் காய்க்கு முதல் ஆளாக நானே நின்றேன். பலகையில் கிலோ 30 ரூபாய் என்றால், 15 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு கிலோவில் கால் கிலோ கழிவு போனாலும் முக்கால் கிலோ 15 ரூபாய்க்குத் தேறும். அப்படிப் பார்த்தால் கிலோ 20 ரூபாய்தான். எனக்கும் லாபம், மாட்டுக்குப் போட்ட காய்க்கு அக்காவுக்கும் காசு.

மெதுவாகச் சிலர் வந்தார்கள். மெஸ் நடத்தும் ஒருவர் வாரம் இரண்டு முறை மொத்தமாக எடுத்தார். அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். அந்தப் பருவத்தில் கடைசி வரை மருந்தே அடிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. ஆனால் வாரம் ஒன்று என்பது, பருவத்துக்கு இரண்டு என்று குறைந்தது. அடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் நாள் வரை பறிப்பதில்லை. அந்த நாள்களில் கத்தரிக்குப் பதில் கீரையும் வெள்ளரியும் கொண்டு வந்தார். ஓரமாக நடவு செய்திருந்த பயிர் அதற்குக் கைகொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

ஓட்டைக் காயை வாங்கிப் போனால் வீட்டில் யார் நறுக்குவது? 'நீங்க வாங்கினது, நீங்களே பாருங்க' என்று மனைவி சொல்லிவிட்டார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் கைக்கு வந்தது.

கத்தரிக்காயை நீளவாக்கில் இரண்டாக வகுந்து பார்ப்பேன். புழு போன பாதை கறுத்துத் தெரியும். அதைத் தாராளமாகச் செதுக்கி எறிந்துவிட்டால் மீதி நல்ல காய்தான். உள்ளே முழுக்கக் குடைந்து எச்சம் நிறைந்திருந்தால் முழுக் காயையும் போட்டுவிட வேண்டும். நறுக்கியதை உடனே தண்ணீரில் போட்டால் கறுக்காது.

கோடையில் நான் அதிகம் வைப்பது, அந்த அக்கா சொல்லிக்கொடுத்த கத்தரி, முருங்கை, மாங்காய்க் குழம்பு. மூன்றும் ஒரே பருவத்தில் சந்தையில் கிடைக்கும். நான்கு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவையுங்கள். பதினைந்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளியை வதக்கி, இரண்டு முருங்கைக்காயைத் துண்டு போட்டு, குழம்புத்தூள், உப்பு, தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். முருங்கை பாதி வெந்ததும் கால் கிலோ கத்தரிக்காய். அது வெந்த பிறகு பாதி மாங்காய், கடைசியாகப் பருப்பு. மாங்காயை முதலிலேயே போட்டால் புளிப்பு மற்ற காய்களைச் சீக்கிரம் வேகவிடாது. புளி தேவையில்லை. கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து இறக்குங்கள். தொட்டுக்கொள்ள வெள்ளரிப்பிஞ்சைப் பொடியாக நறுக்கித் தயிரில் போட்டால் போதும்.

சந்தை முடிகிற நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் கத்தரிக்காயை வாங்கினால் வத்தல் போடலாம். செதுக்கி எடுத்த காயை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து வடித்து, மூன்று, நான்கு நாள் சுள்ளென்ற வெயிலில் காயவைக்க வேண்டும். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். மாங்காயை உப்பு பிசறிக் காயவைத்தால் மாவத்தல். சித்திரையில் போட்டதை ஆடியில் குழம்பு வைக்கலாம். காயை வாட்டுகிற அதே வெயில்தான் இதற்கும் உதவுகிறது.

வாசகியின் கேள்விக்குப் பதில்

ஓட்டை இருப்பதால் மருந்து அடிக்காத காய் என்று சொல்ல முடியாது. மருந்து அடித்த தோட்டத்திலும் காய்க்குள் புழு இருக்கும். ஓட்டை இல்லாததால் மருந்து அடித்த காய் என்றும் சொல்ல முடியாது. குருத்து கிள்ளி, பொறி வைத்து நல்ல காய் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கழுவினால் மேலே படிந்திருப்பது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது. ஆகவே, கண்ணை நம்பாதீர்கள்.

வாயைத் திறந்து கேளுங்கள். 'கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க? எப்ப பறிச்சீங்க?' என்று கேட்கக்கூடிய இடம் உழவர் சந்தை. வெளிக்கடையில் கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. இங்கே அடித்தவரே எதிரில் இருக்கிறார். முதல் நாள் சரியான பதில் வராமல் போகலாம். நாலு வாரம் ஒரே ஆளிடம் வாங்கிப் பாருங்கள், தானாகச் சொல்வார். இன்றைக்கு வேண்டாம், அடுத்த பறிப்பில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவரும் உண்டு. அவரை விட்டுவிடாதீர்கள்.

கோடையில் 7 மணிக்குள் போங்கள். கத்தரியில் காம்பு பச்சையாக, தோல் மினுமினுப்பாக, அழுத்தினால் மீண்டு வருவதாக இருந்தால் இளங்காய். தோல் மங்கியிருந்தால் விதை முற்றியிருக்கும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, சுரைக்காயில் நகத்தைக் குத்திப் பார்ப்பது இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீங்கள் ஒடித்துப் போட்ட காயை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த நஷ்டம் எதிரில் இருப்பவர் தலையில்தான் விழும். பிஞ்சா என்று அவரையே கேளுங்கள், எடுத்துத் தருவார்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை கூடையில் ஓட்டைக் கத்தரிக்காயைப் பார்த்தால், தள்ளி வைப்பதற்கு முன் விலை கேளுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தால் அரை கிலோ வாங்குங்கள். விற்காமல் வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு கூடையும், மறுநாள் தெளிப்பானைத் தோளில் ஏற்ற வைக்கிறது. இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை. ஒரு கிலோ கத்தரிக்காயைத் தப்பான கடையில் வாங்கியதால் தெரிந்துகொண்டேன்.